எண்பத்தோராவது கட்டம்

ஷுக்ரி பெல்பேஸியின் மூக்கை அறுக்க வேண்டும். அதுவும் எல்லார் முன்னாலும், அவன் கையாலேயே அறுத்துக்கொள்ள வைக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க ஷாஹினாஸ் வேறெதையும் நினைக்கவில்லை. ட்ராமில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் அதே நினைப்பு, காலையில் ஃபூல் பயற்று மசியலுக்கு எலுமிச்சை பிழியும்போதும் அதே நினைப்பு. தொழுகை விரிப்பில் நெற்றியை வைத்தால் அங்கேயும் அந்த ஆள்தான் வந்து நின்றான். ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்ட கையோடு அவனைச் சபித்துவிட்டு எழுந்தாள்.

காரணம் இல்லாமலா? அவள் புருஷன் ஸப்ரியைத் திருடன் என்று சொல்லி வெளியே தள்ளியிருந்தார்கள். அலெக்ஸாண்ட்ரியாவின் பாதி மருந்துக்கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி அது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அங்கேதான் வேலை. ஸப்ரி குளிர்அறை ஆர்டர்களைப் பார்ப்பவன். இன்சுலின், தடுப்பூசி எல்லாம் அவன் கை பட்டுத்தான் வெளியே போகும். சமீபத்தில் மூன்று தடவை, ராயா கிளினிக்குக்குப் போகவேண்டிய இன்சுலின் பெட்டி ரஷாத் மருந்தகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ரஷாத் வேறு யாருமில்லை, ஸப்ரியின் பெரியம்மா மகன். கேட்காத பெட்டி ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் பிரித்து விற்றுவிட்டான் அந்தப் புண்ணியவான். கிளினிக்கில் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்த தாய்மார்களைக் கைவிரித்துத் திருப்பி அனுப்பினார்களாம்.

மூன்று தடவையும் செவ்வாய் அல்லது புதன். அந்த இரண்டு நாளும் குளிர்அறை மேற்பார்வையாளர் துறைமுகத்துப் பக்கம் போய்விடுவார். இது போதாதா ஊர் வாய்க்கு?

"ஆள் இல்லாத நாளாப் பாத்து பெரியம்மா மகனுக்கு அனுப்பியிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கணினிப் பிரிவின் தலைவன் ஷுக்ரி, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

ஸப்ரி தடுமாறிக்கொண்டே, "திரை குதிக்குது டாக்டர். நான் கிளினிக் மேலதான் பட்டைய வெச்சு அழுத்தினேன். சத்தியமா" என்றான்.

"திரை குதிக்கல ஸப்ரி. உன் கை குதிக்குது."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஷாஹினாஸின் காதில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. வருகிற புதன்கிழமை விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் விஷயம் போலீஸுக்குப் போகும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கணினியில் ஆர்டர் அனுப்பும் அந்த நிரலை எழுதியதே ஷாஹினாஸ்தான். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, பட்டியல், பட்டியலின் மேல் மேலும் கீழும் நகரும் ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. அம்புவிசையால் பட்டையை நகர்த்தி என்டர் தட்டினால் ஆர்டர் போய்விடும். பழகிய கைக்கு அதைவிட வேகமானது வேறில்லை. ஷுக்ரி தலைவனாக வந்ததும் செய்த முதல் காரியம், அவளைப் பயிற்சிப் பிரிவுக்குத் தூக்கியடித்தது. "மேடம் ஷாஹினாஸுக்கு வாய் நல்லா வரும், வகுப்பெடுக்கட்டும்" என்று கூட்டத்தில் சொல்லிப் பல்லைக் காட்டினான். இரண்டாவது காரியம், நிரலின் தலைப்பு வரியில் தன் பெயரைப் போட்டது. காலையில் கணினியைத் திறக்கிற ஒவ்வொருவனும் முதலில் பார்ப்பது அதைத்தான். 'வடிவமைப்பும் மேற்பார்வையும்: இன்ஜினியர் ஆலோசகர் ஷுக்ரி அப்துல் முத்தலிப் அல் பெல்பேஸி'.

பிறகு ஏதோ ஊர் பேர் தெரியாத பல்கலைக்கழகத்தில் தபால்வழி டாக்டர் பட்டம் வாங்கினான். மாடி மாடியாகப் பாஸ்பூஸா இனிப்புத் தட்டு வந்தது. ஷாஹினாஸ் தனக்கு வந்த துண்டைப் பூனைக்குப் போட்டாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பெட்டிகள் காணாமல் போனதும் ஷுக்ரி நிரலைச் சோதித்த லட்சணத்தையும் அவள் கேள்விப்பட்டாள். தன் அறையில் இருக்கும் அகலமான திரையில் நிரலை ஓடவிட்டு, எங்கே தப்பு என்று பார்க்க, நடுநடுவே குறிப்பு வரிகளைத் திரையிலேயே அச்சடிக்க வைத்திருக்கிறான். கறுப்புத்திரை நிரலில் இப்படிச் செய்பவனை அந்தத் தொழிலில் யாரும் மதிக்கமாட்டார்கள். திரை முழுக்க நிரலின் பிடியில் இருக்கும்போது நடுவில் ஒரு வரியைக் கொட்டினால், அது பட்டியலின் மேல் விழுந்து எல்லாவற்றையும் அலங்கோலமாக்கிவிடும். கொதிக்கிற குழம்புக்குள்ளேயே சீட்டெழுதிப் போட்டு உப்புச் சரியா என்று விசாரிக்கிற மாதிரி. அரைமணி நேரம் அந்தக் கந்தர்கோலத்தைப் பார்த்துவிட்டு, "நிரல் சுத்தமா இருக்கு, ஆள்தான் அழுக்கு" என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டான்.

முறையான வழி வேறு. நிரல் வாயை மூடிக்கொண்டு, தான் செய்வதையெல்லாம் வேறொரு கோப்பில் எழுதிக்கொண்டே போக வேண்டும். எந்த விசை அழுத்தப்பட்டது, எந்த வரியை எங்கே வரைந்தது, எதைத் தேர்ந்தது, எல்லாம் நேரத்தோடு. ட்ரேஸ் என்பது அதுதான். திரை பாட்டுக்கு ஓடும்; பக்கத்துக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நிரலை எழுதிய காலத்தில் ஷாஹினாஸ் அதற்கு ஒரு விசையை உள்ளே வைத்திருந்தாள். ஓடத் தொடங்கும்போது ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டினால் ட்ரேஸ் விழித்துக்கொள்ளும். ட்ரேஸ் போட்டால் வேகம் குறையும் என்று ஷுக்ரி தடை போட்டிருந்தான். ஆனால் அந்த விசையை எடுக்கவில்லை. எடுப்பதற்கு நிரலைப் படித்திருக்க வேண்டுமே!

செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சி என்று சொல்லிக்கொண்டு, மடிக்கணினியோடு குளிர்அறை வாசலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். விசாரணைக்கு முன் அவளுக்கு இருந்தது அந்த ஒரு செவ்வாய்தான். ஸப்ரியின் நாற்காலியில் இப்போது போத்ரோஸ் இருந்தான். நேற்றுவரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன், கம்பளித் தொப்பியும் இரண்டு ஸ்வெட்டருமாக.

"வாங்க இன்ஜினியரம்மா. இங்க உக்காந்தா மூக்கு உறைஞ்சு கீழ விழுந்துடும். அப்புறம் யாரு மேல மூக்கைச் சிந்துவீங்க?"

"உன் மேலதான். வாயை மூடிட்டு வேலையப் பாரு. ஸப்ரி எப்படிச் செய்வானோ அப்படியே செய்யணும். அம்புவிசை, என்டர். நம்பர் எதையும் தட்டாத."

"அவரு செஞ்ச மாதிரியேவா? அப்ப நாளைக்கு நானும் திருடனா?"

"உனக்குப் பெரியம்மா மகன் மருந்துக்கடை வெச்சிருக்கானா?"

"எங்க பெரியம்மா மகன் செருப்புக்கடை."

"அப்ப பயப்படாத. இன்சுலின் செருப்புக்கடைக்குப் போகாது."

அந்தக் கூண்டில் இருந்த திரை பழைய குட்டித் திரை. மற்ற எல்லா மேசைக்கும் அகலத்திரை வந்துவிட்டது. குளிரில் புதுசு கெட்டுப்போகும் என்று இங்கே மட்டும் மாற்றவில்லை. வரிக்கு எண்பது எழுத்து கொள்ளும். எழுத்துக்கு ஒரு கட்டம், எண்பது கட்டம், அவ்வளவுதான். ட்ரேஸை எழுப்பிவிட்டு, மடிக்கணினியில் கோப்பைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்.

காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பட்டை எங்கே நின்றதோ அதுவே போனது. ட்ரேஸில் வரிகள் சாதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. விரல் நுனி மரத்துப்போய், நெஞ்சுக்குள் பயம் ஏறியது. ஒருவேளை ஸப்ரியே... ச்சீ! அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே அறையவேண்டும் போல இருந்தது. அப்படி நினைக்க வைத்தவன் ஷுக்ரி. அவன் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

பகல் தொழுகை முடிந்ததும் கடைகளிலிருந்து ஆர்டர்கள் மடமடவென்று வந்து விழத் தொடங்கின. செவ்வாயும் புதனும் எப்போதுமே அப்படித்தான். தலைப்பு வரியின் கடைசியில் நிலுவை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. தொண்ணூறைத் தாண்டியது. இன்னும் ஏறியது.

"குதிச்சிடுச்சு! பாத்தீங்களா? குதிச்சிடுச்சு!" என்று போத்ரோஸ் கத்தினான்.

அவள் பார்த்தாள். பட்டியல் சட்டென்று ஒரு வரி கீழே இறங்கி நின்றது. கண்ணை இமைத்தவனுக்குத் தெரிந்திருக்காது. "பட்டைய ராயா மேல கொண்டு வெச்சுட்டுக் கைய எடு" என்று சொல்லிவிட்டுக் கைபேசியில் படம் பிடித்தாள். பச்சைப் பட்டை ராயா கிளினிக்கின் மேல் பளிச்சென்று நின்றது.

"இப்ப என்டர் தட்டு."

போத்ரோஸ் தட்டினான். மடிக்கணினியில் ட்ரேஸ் எழுதியது: தேர்வு, ரஷாத் மருந்தகம்.

ஷாஹினாஸ் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ட்ரேஸை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பட்டியல் குதித்த அந்த நொடிக்கு வந்ததும் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள்.

"என்னம்மா ஆச்சு? குளிரு மூளைக்கு ஏறிடுச்சா?"

"இதைப் படி."

போத்ரோஸ் எட்டிப் பார்த்துப் படித்தான். "வரைதல், தலைப்பு வரி, 'வடிவமைப்பும் மேற்பார்வையும்: டா. இன்ஜினியர் ஆலோசகர் ஷுக்ரி...' அட, நம்ம டாக்டரு! 'நிலுவை: 100'. அகலம் எண்பத்தொண்ணு. திரை அகலம் எண்பது." நிமிர்ந்தான். "அப்படின்னா?"

"அப்படின்னா அந்த ஆளு பேரு திரையில அடங்கல. ஒரு கட்டம் கூடிப்போச்சு. கடைசி சைபர் அடுத்த வரியில போய் விழுந்துருச்சு, அங்க பாரு, தனியா நிக்குது. அது எழுத்து எல்லாத்தையும் ஒரு வரி கீழ தள்ளிருச்சு. ஆனா பட்டை தள்ளல. நிரலுக்கு இது தெரியாது. ரஷாத் இருக்கிற இடம்னு நெனச்சு அங்க பட்டையப் போடுது. அந்த இடத்துல இப்ப ராயா உக்காந்திருக்கு. நீ பாக்குறது ராயா, போறது அதுக்கு அடுத்தவன்."

"அந்த ஒத்தை நம்பர் இப்படி அப்பப்ப வந்து நிக்கும். நான் பெட்டி கட்டுற காலத்துலயே தூசின்னு துடைச்சிருக்கேன்மா."

பட்டம் வாங்குவதற்கு முன் அந்த வரி அடங்கித்தான் இருந்தது. நிலுவை நூறைத் தாண்டினாலும் இடம் இருந்தது. பாஸ்பூஸா கொடுத்த அன்று, பெயருக்கு முன்னால் 'டா.' போட்டான் பாருங்கள், அதில் போனது இடம். நூறுக்குக் கீழே இருக்கிற நாளெல்லாம் மயிரிழையில் தப்பியது. நூறைத் தாண்டுகிற செவ்வாயிலும் புதனிலும் குளிர்அறையின் குட்டித்திரையில் மட்டும் குதித்தது. அந்த நேரத்தில் அங்கிருந்து போவது பெரும்பாலும் ராயாவின் பெட்டிதான். ஷுக்ரியின் அகலத்திரையில் அவன் பெயரைப் போல இன்னும் இரண்டு பெயர் அடங்கும், அங்கே எப்படிக் குதிக்கும்? ஒருவனுடைய பவிசு இன்னொருவனைத் திருடனாக்கியிருந்தது.

"இப்பவே மேடத்துகிட்ட ஓடலாம் வாங்க" என்று போத்ரோஸ் எழுந்தான். மேடம் என்றால் இயக்குநர் இல்ஹாம்.

ஷாஹினாஸும் எழுந்தாள். கதவுவரை போனாள். அங்கே நின்றாள். இப்போது போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? மேடம் ஷுக்ரியைத் தனியாகக் கூப்பிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். சாயங்காலத்துக்குள் பெயர் சுருங்கிவிடும், கோளாறு மறைந்துவிடும், 'ஏதோ தொழில்நுட்பக் காரணம்' என்று ஒரு சுற்றறிக்கை வரும். ஸப்ரி பிழைப்பான். ஷுக்ரியும் பிழைப்பான். கூடம் முழுக்கச் சிரித்ததே, அந்தச் சிரிப்பை யார் திருப்பி வாங்கித் தருவார்கள்?

"நாளைக்கு விசாரணையில வெச்சுக்கலாம்" என்றாள்.

"நாளைக்கா? எதுக்குமா?"

"எல்லாரும் இருப்பாங்க, அதுக்கு. நீ போய் இப்ப போன பெட்டிய வண்டியில ஏத்துறதுக்குள்ள புடிச்சு, ராயாவுக்குச் சீட்டு மாத்தி ஒட்டு. இனிமே அம்புவிசையத் தொடாத, கடை நம்பரைத் தட்டி அனுப்பு. இது உன் வயித்துக்குள்ளேயே இருக்கணும். வெளிய வந்துச்சு, வாயைத் தெச்சுடுவேன்."

"நான் கல்லறைம்மா" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போத்ரோஸ் ஓடினான்.

அன்று சாயங்காலம் அவள் மிளகாயும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, ஸப்ரி பால்கனியில் கல்லாபியா அங்கியோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கிண்ணம் சூரியகாந்தி விதை. ஒன்றைக்கூட உடைத்திருக்கவில்லை. ஒரு வாரமாக டாமினோ ஆடக் காப்பிக்கடைக்குப் போகவில்லை. கடைசியாகப் போன அன்று எவனோ, "வாங்க இன்சுலின் பாஷா, வீட்டுக்கு ரெண்டு ஊசி கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறான். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

"ஷுக்ரி போன் பண்ணான்" என்றான்.

"எதுக்காம்?"

"கவனக்குறைவால நடந்துருச்சுன்னு எழுதிக் குடுத்தா, போலீஸ் வேண்டாம்னு மேடத்துகிட்ட பேசுறானாம். காலையில போய் கையெழுத்துப் போட்டுரலாம்னு இருக்கேன்."

"போடாத."

"ஏன்?"

"போடாதன்னா போடாத. நான் சொல்றேன்ல?"

அவன் கொஞ்ச நேரம் தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஷாஹி, எனக்கே சந்தேகமா இருக்கு. மூணு தடவை. நான் ராயாவைத்தான் பாத்தேன்னு எனக்குத் தோணுது. ஆனா போனது ரஷாத்துக்கு. அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா, கை பொய் சொல்லுதா? என் கைய நானே நம்பல."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், அவன் எழுந்து நின்றிருப்பான். ஆனால் ஸப்ரி வாயில் எதுவும் தங்காது. சந்தோஷத்தில் அண்ணனுக்குப் போன் பண்ணுவான், அண்ணன் ஊருக்குச் சொல்வான், ஷுக்ரியின் காதுக்குப் போனால் விடிவதற்குள் அந்த வரியைத் துடைத்துவிடுவான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நிஜம்தான். ஆனால் நாளை ஷுக்ரியின் முகம் எப்படிக் கோணும் என்று பார்க்கிற ஆசையும் நிஜம், அதுதான் இரண்டில் பெரியது.

"சாப்பிட வா" என்றாள்.

புதன்கிழமை பகல் தொழுகைக்குப் பிறகு விசாரணை. நீள மேசையின் தலைமாட்டில் மேடம் இல்ஹாம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். அன்று கூடத்தில் சிரித்த வாய்கள் அத்தனையும் இருந்தன. ஸப்ரி கதவுப் பக்கம், இஸ்திரி போட்ட சட்டையில், தலையைக் குனிந்திருந்தான். போத்ரோஸைக் குளிர்அறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள்.

ஷுக்ரி எழுந்து ஒரு தாளை மேசைமேல் வைத்தான். "வழக்கு முடிஞ்சது மேடம். காலையில அவரே எழுதிக் குடுத்துட்டாரு."

மேடம் வாசித்தாள். "'என் கவனக்குறைவால் தவறான கடையைத் தேர்ந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.' ஸப்ரி, இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க மேடம்" என்றான் ஸப்ரி. யாரையும் பார்க்கவில்லை.

போடாதே என்றாளே! ஷாஹினாஸின் ரத்தம் கொதித்தது. அவன்மேல் கொதித்ததா, தன்மேல் கொதித்ததா என்று யோசிக்க அவளுக்கு அவகாசம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஷுக்ரியின் பக்கம் திருப்பினாள்.

"மேடம், இந்த நிரலை எழுதினவ நான். ஒரு நிமிஷம் குடுங்க" என்று மடிக்கணினியைச் சுவர்த்திரையில் இணைத்தாள். முதலில் கைபேசிப் படம் வந்தது. பச்சைப் பட்டை, ராயா கிளினிக். "போத்ரோஸ் பாத்தது இது. இப்ப நிரல் எதைத் தேர்ந்ததுன்னு அதோட ட்ரேஸ்ல பாருங்க." ரஷாத் மருந்தகம். அறையில் சலசலப்பு எழுந்தது. "ஸப்ரி கை குதிக்கல. திரை குதிச்சது. ஏன் குதிச்சதுன்னு அடுத்த வரியில இருக்கு. டாக்டரே வாசிச்சா நல்லா இருக்கும்."

"ட்ரேஸ் போடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு! யாரு போடச் சொன்னது? நான் எதுக்கு வாசிக்கணும்?" என்றான் ஷுக்ரி.

"நாங்க வாய்க்காரங்க, சும்மா வகுப்பெடுக்குறவங்க. பட்டம் வாங்கின வாயால கேட்டா எங்களுக்கும் பெருமை இல்லையா?"

மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். "வாசிங்க டாக்டர்."

ஷுக்ரி வாசித்தான். "வரைதல், தலைப்பு வரி. வடிவமைப்பும் மேற்பார்வையும்: டா. இன்ஜினியர் ஆலோசகர்..." குரல் இறங்கியது.

"கேக்கலையே டாக்டர். உங்க பேருதான், என்ன வெக்கம்?"

"...ஷுக்ரி அப்துல் முத்தலிப் அல் பெல்பேஸி. நிலுவை நூறு. அகலம் எண்பத்தொன்று. திரை அகலம்..." நிறுத்தினான். அவன் கெட்டிக்காரன்தான்; புரிந்துவிட்டது. காது மடல் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

"திரை அகலம் எவ்வளவு டாக்டர்?"

"எண்பது."

"அந்த ஒரு கட்டம்தான் மேடம்" என்று ஷாஹினாஸ் அறைக்கே திரும்பிச் சொன்னாள். "இவரு பேரு குளிர்அறைத் திரையில அடங்கல. நிலுவை நூறைத் தாண்டுற செவ்வாயும் புதனும் அது வழிஞ்சு பட்டியலைக் கீழ தள்ளுது. கிளினிக்கப் பாத்து அழுத்தினா அடுத்த கடைக்குப் போகுது. முதல் பெட்டி என்னைக்குக் காணாமப் போச்சு? பாஸ்பூஸா சாப்பிட்டோமே, அதுக்கு அடுத்த செவ்வாய்."

கணக்குப் பிரிவுக்காரன் ஒருவன் இருமுகிற சாக்கில் சிரித்தான். அவ்வளவுதான், மேசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. அன்று சிரித்த அதே வாய்கள்!

"ஒரு கட்டம்! ஒரே ஒரு கட்டத்துக்கு இவ்வளவு கூத்தா?" என்று ஷுக்ரி மேசையைத் தட்டினான்.

"ஒரு கட்டத்துக்கு ஒரு மனுஷனைத் திருடன்னு சொன்னது யாரு?"

மேடம் கையை உயர்த்தினாள். சிரிப்பு அடங்கியது. "இதை இப்பவே நிரூபிக்க முடியுமா?"

"முடியும் மேடம். இப்ப நிலுவை நூறுக்கு மேலதான். போத்ரோஸ் லைன்ல இருக்கான். அந்த வரியை எடுத்தாப் போதும். ஆனா எனக்கு அனுமதி இல்ல. கடவுச்சொல் டாக்டர்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"அப்ப டாக்டரே எடுக்கட்டும்."

ஷாஹினாஸ் மடிக்கணினியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள், விருந்தாளிக்குத் தட்டு வைப்பதுபோல. ஷுக்ரி கடவுச்சொல்லைத் தட்டினான். முதல் தடவை தப்பாகப் போனது. சுவர்த்திரையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பெல்பேஸி போனான், முத்தலிப் போனார், ஆலோசகர் போனார், இன்ஜினியர் போனார். கடைசியாக 'டா.' மட்டும் நின்றது. அதன்மேல் விரல் ஒரு கணம் தயங்கியது.

"அதையும்" என்றாள் ஷாஹினாஸ்.

கைபேசியிலிருந்து போத்ரோஸின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "திறந்து பாத்துட்டேன் இன்ஜினியரம்மா! குதிக்கல! நிலுவை நூத்திப் பதினேழு, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது! டாக்டரைக் காணோம்!"

மேடம் ஸப்ரியின் தாளை இரண்டாகக் கிழித்தாள். ஷுக்ரியிடம், "உங்க அறிக்கைய எழுதினது நீங்கதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, சாவியக் குடுத்துட்டு, வீட்டுல இருங்க. கூப்பிடுவோம்" என்றாள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினான். ஷாஹினாஸ் அவன் முதுகைக் கதவுவரை பார்த்தாள். வயிறு நிறைந்தது. இப்படி நிறைந்து எத்தனை காலம் ஆயிற்று!

"ட்ரேஸை அப்படியே சேமிச்சு எனக்கு அனுப்புங்க" என்று சொன்ன மேடம், சுவர்த்திரையைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டே வாசித்தாள். "செவ்வாய்... நேத்துப் பகல்லயே எடுத்திருக்கீங்க. சரி."

கதவருகே ஸப்ரியின் தலை நிமிர்ந்தது.

ட்ரேஸ் அப்படித்தான். யாருக்காகவும் ஒரு வரியை விடாது, நேரம் போடாமல் எதையும் எழுதாது. ஷாஹினாஸ் அதை அப்படித்தான் எழுதியிருந்தாள்.

மாடிப்படியில் அவன் கேட்டான். குரலில் கோபம்கூட இல்லை. "நேத்தே தெரியுமா?"

"ஸப்ரி, அவன் துடைச்சிருப்பான். உன் வாயில தங்காது. அதான்..."

"போத்ரோஸுக்குத் தெரியுமா?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"என் கைய நானே நம்பலைன்னு சொன்னேனே. அப்பவும் தெரியுமா உனக்கு?"

"அவனை எல்லார் முன்னாலயும் நிறுத்தணும்னுதான் ஸப்ரி. உனக்காகத்தான்."

"எனக்காகவா?" என்றான். படியிறங்கிக் குளிர்அறைப் பக்கம் நடந்தான்.

போத்ரோஸ் அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தான். "வாங்கண்ணே, உங்க சிம்மாசனம். குளிரு மட்டும் அப்படியே இருக்கு." பெட்டி கட்டுபவர்கள் எல்லாம் வந்து கட்டிப் பிடித்தார்கள். எவனோ ஓடிப்போய் டீ கொண்டுவந்தான். ஸப்ரி எல்லாருக்கும் தலையாட்டினான், டீயை வாங்கி ஒரு வாய் குடித்தான், வேலையைத் தொடங்கினான். ஷாஹினாஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். திரையின் மேல்வரியில் நிலுவை எண் மட்டும் இருந்தது. பச்சைப் பட்டை சரியாக, அசையாமல், ராயாவின் மேல் நின்றது. ஆனால் அவன் என்டரைத் தட்டவில்லை. கடை நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கூண்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தாள். "இனிமே பட்டைய நம்பலாம் ஸப்ரி."

"பட்டைய நம்புறேன்" என்றான் அவன், அவள் பக்கம் திரும்பாமல். பிறகு, "கதவைச் சாத்து, குளிர் வெளிய போகுது" என்றான்.